டிசம்பர் பட்டியலும் மொய் நோட்டும்

வணக்கம், கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது பஸ் ஸ்டாண்ட் இரைச்சல், கண்டுகொள்ளாதீர்கள்.

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், 'இந்த ஆண்டின் சிறந்த புத்தகங்கள்' என்று போனில் வந்து கொட்டும். எதை நம்பி வாங்குவது என்று நிறைய பேர் கேட்கிறீர்கள்.

நான் முதலில் பார்ப்பது யார் போட்ட பட்டியல் என்பதைத்தான். சிலது மொய் நோட்டு. போன வருடம் இவர் அவருக்கு எழுதினார், இந்த வருடம் அவர் இவருக்குத் திருப்பி எழுதுகிறார். முப்பது பெயர் இருக்கும், ஏன் பிடித்தது என்று ஒரு வரி இருக்காது. தள்ளிவிடுங்கள். நாலே புத்தகம் சொல்லி, அதில் ஒன்று நடுவில் இழுக்கிறது என்று குறையும் சொன்னால் அந்த ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தமிழில் புதுப் புத்தகங்கள் பெரும்பாலும் பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்தே வருகின்றன. மாதக் கடைசியில் அச்சாவதை, மாத நடுவில் பட்டியல் போடுகிறவர் எப்போது படித்திருப்பார்? அடுத்த வருடம் அது பழைய புத்தகம் ஆகிவிடும். இதோ, இந்தப் பக்கத்தைக் கேமராவில் காட்டுகிறேன்: 'முதல் பதிப்பு: டிசம்பர்'. நல்ல நாவல். எந்தப் பட்டியலிலும் என் கண்ணில் படவில்லை.

சாகித்ய அகாதெமி விருது வேறு கணக்கு. முந்தைய சில வருடங்களில் வந்த புத்தகங்களுக்குத்தான் கொடுப்பார்கள். சோ. தர்மனின் 'சூல்' வந்தது 2016இல், விருது 2019இல். கரிசல் காட்டுக் கண்மாயின் கதை. தூர்வாராத வாய்க்காலைப் பார்த்து வயிறெரியும் நம் ஆட்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. விருது வாங்கியதெல்லாம் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

அதனால், மூன்று வருடம் முந்தைய பட்டியலோடுதான் கிளை நூலகத்துக்குப் போவேன். புதுசு அங்கே வந்து சேர நாளாகும். பழசு அநேகமாக அலமாரியில் இருக்கும். முதல் பக்கத்தை எல்லாரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்கள். நான் நடுவில் பிரித்து நாலு பக்கம் நின்றபடியே படிப்பேன். கால் வலி தெரியாவிட்டால் எடுத்து வந்துவிடுவேன்.

உளுந்து தெளித்து, சம்பா அறுப்பும் முடிந்த பிறகுதான் படிக்க நேரம் என்கிறவர்கள் இப்போதே வாங்கி அடுக்க வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் புத்தகத் திருவிழா போடும்போது கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தே வாங்கலாம்.