ஆமாம் அண்ணே, எலிக்குத்தான் காவல்!

நடுவர் அவர்களே, திருத்துறைப்பூண்டிப் பெருமக்களே, வணக்கம். ஆளில்லாத் தீவுகளைக் கடற்பறவைகளுக்கே விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணி அண்ணன் கேட்டார்: "ஆளே இல்லாத தீவுக்கு எதுக்கய்யா காவல்? வாட்ச்மேன் போட்டு எலியையா விரட்டப் போறீங்க?" பந்தலே கைதட்டியது. ஆமாம் அண்ணே, எலியைத்தான் விரட்டப் போகிறோம்!

எலி என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வரப்போரம் மூங்கில் கிட்டி வைத்து, விடியற்காலையில் போய்ப் பார்க்கிறவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நமக்குக் கிட்டி இருக்கிறது, ஆந்தை இருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்கில் காஃப் தீவில் இருக்கிற ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுக்கு என்ன இருக்கிறது?

கேளுங்கள். அந்தத் தீவில் ஊர் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கடல்நாய் வேட்டைக்கு வந்த கப்பல்களில் சுண்டெலி வந்து இறங்கியது. வேட்டைக்காரன் போய்விட்டான், எலி போகவில்லை. குஞ்சு எட்டுக் கிலோ கனம். எலி உள்ளங்கையில் அடங்கிவிடும். ராத்திரியில் நாலைந்து எலி கூட்டிலேறி, உட்கார்ந்திருக்கிற குஞ்சை உயிரோடு கொறிக்கின்றன. குஞ்சு ஓடாது. திருப்பிக் கொத்தாது. தரையிலிருந்து எதிரி வருவான் என்பதே அதன் பரம்பரைக்குத் தெரியாது! தாயும் தகப்பனும் இரை தேடி நடுக்கடலில் இருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால், ரத்தக் காயத்தோடு கிடக்கிறது பிள்ளை. 2021இல் ஹெலிகாப்டரில் தீவு முழுக்க விஷ இரை தூவினார்கள். அதிலும் சில எலிகள் தப்பிவிட்டன.

அதற்காகக் கைவிடுவதா? தெற்கு ஜார்ஜியா தீவில் எலியே இல்லை என்று 2018இல் அறிவித்தார்களே! அதே ஆண்டு, இந்தியப் பெருங்கடலில் இருக்கிற சாகோஸ் தீவுகளில் நடந்த ஆய்வு சொல்கிறது: எலி இல்லாத தீவில் பறவை எச்சம் கடலில் கலந்து பவளப்பாறைக்கு உரமாகிறது, அங்கே மீனும் அதிகம். நாகப்பட்டினத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

சரி, கணக்கு போதும். 1956இல் பசிபிக் கடலின் மிட்வே தீவில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற விஞ்ஞானி ஓர் ஆல்பட்ராஸின் காலில் வளையம் மாட்டினார். அவர் 2017இல் காலமாகிவிட்டார். அந்தப் பறவை 2024 கடைசியில் அதே தீவுக்கு வந்து முட்டையிட்டது. எழுபது வயது தாண்டிய தாய்! அந்த மிட்வேயிலும் 2015 முதல் சுண்டெலிகள் அடைகாக்கும் பறவைகளைக் கடிக்கத் தொடங்கிவிட்டன.

எழுபது வயதுத் தாய் பிரசவத்துக்கு வாசலில் வந்து நிற்கிறாள். இடமில்லை, போ என்று சொல்ல இந்தக் காவிரி மண்ணில் யாருக்கு நாக்கு எழும்? அண்ணே, உங்களுக்கும் எழாது. நன்றி, வணக்கம்.