தனிக்குடித்தனம் போன கட்டடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகிறவர்கள் பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?" கேட்பதில் தப்பில்லை. மொத்தத்துக்கும் ஒரு மதில், ஒரு பெரிய வாசல் என்றெல்லாம் அங்கே கிடையாது. கல்லூரிகள் ஊருக்குள்ளே கலந்து கிடக்கின்றன. இதே கேள்வியை 700 ஆண்டுகளுக்கு முன்னால் கேட்டிருந்தால், ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள புனித மரியாள் தேவாலயத்தைக் கைகாட்டியிருப்பார்கள்.

பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கூரை இல்லாத காலம் அது. ஆசிரியர்கள் கூடிப் பேசியதும் பட்டம் கொடுத்ததும் இந்தத் தேவாலயத்துக்குள்தான். 1320 வாக்கில் அதன் பக்கச்சுவரை ஒட்டி ஒரு சிறு கட்டடம் எழுந்தது. உஸ்டர் ஆயர் தாமஸ் காபம் கொடுத்த பணம். கீழே பேரவைக் கூடம், மேலே நூலகம். பல்கலைக்கழகத்தின் முதல் சொந்தக் கட்டடம் அதுதான். பிற்காலத்தில் அந்தப் பேரவைக் கூடத்தில் காப்பியும் கேக்கும் விற்றார்கள்.

அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தனிக்குடித்தனம் போயின. நூலகத்துக்கு இடம் போதவில்லை. 1488-இல் சற்று வடக்கே புது நூலகம் திறந்தார்கள். பட்டமளிப்பு விழாவோ இன்னும் நெடுங்காலம் இங்கேயே நடந்தது. விழா என்றால் கேலிப்பேச்சும் கூச்சலும் சேர்ந்ததுதான். கும்பிடுகிற இடத்தில் இது அடுக்குமா என்று முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் 1669-இல் ஷெல்டோனியன் அரங்கம் வந்தது. அதை வடிவமைத்த கிறிஸ்டஃபர் ரென் அப்போது அங்கே வானியல் பேராசிரியர்.

தேவாலயத்தின் வடக்கே இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, 1749-இல் ராட்கிளிஃப் கேமராவைத் திறந்தார்கள். குவிமாடம் போட்ட வட்டமான நூலகம். கேமரா என்றால் லத்தீனில் அறை. படமெடுக்கும் கேமராவோடு அங்கே சுற்றுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ! தேவாலயக் கோபுரத்தின் குறுகலான சுழற்படிகளில் மூச்சிரைக்க ஏறினால், அந்தக் குவிமாடம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும்.

ஆனால் எல்லாமே கிளம்பிப் போய்விடவில்லை. ஊர்க்காரர்களின் அபராதம் இந்த வாசலிலேயே தங்கிவிட்டது.

1355 பிப்ரவரி 10. கார்ஃபாக்ஸ் நாற்சந்தி மதுக்கடையில் ஒயின் நன்றாக இல்லை என்று மாணவர்கள் கடைக்காரரோடு சண்டை பிடித்தார்கள். ஊர்க்காரர்களைத் திரட்ட புனித மார்ட்டின் தேவாலய மணி அடித்தது. மாணவர்களைத் திரட்ட புனித மரியாள் மணி அடித்தது. கலவரம் ஓய்ந்தபோது கல்விமான்கள் தரப்பில் மட்டும் 63 பேர் செத்திருந்ததாகக் கணக்கு. மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தார். ஆண்டுதோறும் அதே நாளில் மேயரும் ஊர்ப் பெரியவர்களும் இங்கே வந்து வழிபட்டு, ஆளுக்கு ஒரு பென்னி வைக்க வேண்டும் என்று ஏற்பட்டது. நூறு, இருநூறு ஆண்டுகள் இல்லை, 1825 வரை! முறைப்படி சமாதானம் ஆனது 1955-இல். என்னைக் கேட்டால், ஒரு ஒயின் சண்டைக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

உள்ளே போனால் பிரசங்க மேடைக்கு எதிரே உள்ள தூணைப் பாருங்கள். கல்லில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். பேராயர் தாமஸ் கிரான்மரை நிறுத்த மேடை போடுவதற்காக வெட்டியது என்பார்கள். 1556 மார்ச் 21, மழைநாள். கத்தோலிக்க ராணி மேரியின் ஆட்சி அது. தன் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கொள்கைகளைக் கைவிட்டதாக கிரான்மர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். அதையே எல்லோர் முன்னாலும் சொல்வார் என்று கூட்டம் காத்திருந்தது. அவரோ, எழுதிக் கொடுத்தது பொய், எழுதிய கைதான் முதலில் எரியட்டும் என்றார். அங்கிருந்தே இழுத்துப் போனார்கள். சிறிது தூரத்தில், இன்றைய பிராட் ஸ்ட்ரீட்டில், தீ மூட்டியதும் வலது கையை நீட்டினார். தெருவின் நடுவே சிலுவை வடிவில் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கின்றன.