எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, மூக்குதான் போச்சு! பழைய கேம்பர் வேனுக்குப் புது மூளை

[திரையில்: ஜெர்மன் நெடுஞ்சாலை. வலது ஓரமா உருளும் பெட்டி மாதிரி ஒரு வேன்.]

ஹைவேல ஒரு மணி நேரமா ஒரே வேகத்துல போயிட்டிருக்கீங்க. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள்ளயே. திடீர்னு யாரோ பின்னாலேர்ந்து சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி வண்டி திக்குது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்னும் மோசம். காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சுப் பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி சமத்தா ஓடும்! அமெரிக்காவுல இதுக்குப் பேரே வச்சுட்டாங்க: வானகன் சிண்ட்ரோம்.

வணக்கம் மக்களே. இந்த வியாதிக்குக் காரணம் ஒரு சின்ன கறுப்புக் கோடு. வைத்தியம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, எஞ்சினுக்கு மூளையையே மாத்துறது. இன்னொண்ணுக்கு அஞ்சு பைசா செலவில்ல, அதை வீடியோ கடைசில சொல்றேன். ஆமா, உங்களை உட்கார வைக்கத்தான். நானும் பொழைக்கணும்ல.

வரலாறை வேகமா முடிச்சுடுவோம். இந்த வேன் பேரு ஃபோக்ஸ்வேகன் டி3, 1979-ல வந்தது. அமெரிக்காவுல இதுக்குப் பேர் வானகன். முதல்ல காத்துல குளிர்ற எஞ்சின், அப்புறம் தண்ணில குளிர்ற எஞ்சின், 1980-கள் நடுவுல 2,109 சிசி. அமெரிக்க வேன்ல அந்த 2.1 லிட்டர் எஞ்சினை ஓட்டுற கம்ப்யூட்டர் பேரு டிஜிஃபன்ட். பெட்ரோல், ஸ்பார்க் ரெண்டையும் அதுவே பார்த்துக்கும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். வரலாறு அவ்வளவுதான்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். டீ இருந்தா எடுத்து வச்சுக்கோங்க.

ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்கா எரிய எவ்வளவு காத்து வேணும்னு நினைக்கிறீங்க? கணக்கு என்னன்னா, ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து. லிட்டர்ல சொன்னா, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காத்து! மொட்டை மாடில இருக்கே ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க், அந்த மாதிரி ஒன்பது டேங்க் நிறைய. இவ்வளவையும் அளந்து பார்த்துட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊத்தணும். அளவு தப்பினா எல்லாமே தப்பிடும்.

சரி, டிஜிஃபன்ட் எதை வச்சு அளக்குது? ஒரு தகரக் கதவை வச்சு!

[திரையில்: அலுமினியப் பெட்டி, உள்ளே ஆடும் தட்டு. மேலே கறுப்பு பிளாஸ்டிக் மூடி.]

ஏர் ஃபில்டரை ஒட்டி இந்தப் பெட்டி இருக்கும், எஞ்சினோட மூக்கே இதுதான். உள்ள ஸ்பிரிங் வச்ச ஒரு கதவு. காத்து உள்ள போகும்போது கதவைத் தள்ளும், நிறையக் காத்துன்னா நிறையத் திறக்கும். கதவோட அச்சுல ஒரு சின்னக் கை மாட்டியிருக்கும். அந்தக் கை ஒரு கார்பன் கோட்டு மேல உரசிக்கிட்டே நகரும். அது எங்க நிக்குதோ அதுக்கேத்த வோல்ட்டேஜ் கம்ப்யூட்டருக்குப் போகும்.

இதை எங்கயோ பார்த்த மாதிரி இல்ல? எங்க தாத்தா வீட்டு ரேடியோல பார்த்திருக்கேன். வால்யூம் குமிழைத் திருப்பினா ஒரு இடத்துல மட்டும் கரகரன்னு சத்தம் வரும், பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். தாத்தா குமிழைச் சட்டுனு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி, மறுபடி அதே இடத்துல கொண்டு வந்து வைப்பார், சரியாயிடும். உள்ள இருந்ததும் இதே சமாச்சாரம்தான், கார்பன் கோடும் அது மேல உரசுற கையும். எங்க அதிகமா உரசுதோ அங்க கோடு தேஞ்சு போகும். எங்க வீட்ல அது சாயங்காலச் செய்தி கேட்கிற வால்யூம். இந்த வேன்ல அது ஹைவே வேகம்.

இப்ப புரியுதா? ஒரே வேகத்துல போகும்போது கை ஒரே இடத்துல நின்னு நடுங்கிக்கிட்டே இருக்கு. கார்பன் தேஞ்ச இடத்துல சிக்னல் கரகரங்குது. கம்ப்யூட்டர் பாவம், காத்தே வரல, இல்ல காத்து கொட்டுதுன்னு குழம்பிப் பெட்ரோலைக் கண்டபடி மாத்தும். காலை எடுத்து மிதிக்கிறது எங்க தாத்தா குமிழைத் திருப்பின அதே வைத்தியம்! கம்பெனியே அப்புறமா கெப்பாசிட்டர் வச்ச ஒரு குட்டி வயர் கொடுத்தாங்க, இந்தக் கரகரப்பை வடிகட்ட. மூக்கடைப்புக்குத் தைலம் தடவுற மாதிரி ஒரு ஏற்பாடு.

பிடிச்சிருந்தா லைக் போடுங்க, எங்க தாத்தாவுக்காக.

சரி, மூளை மாத்துறதுக்கு வருவோம். 2001 வாக்குல அமெரிக்காவுல புரூஸ் பவுலிங், அல் கிரிப்போன்னு ரெண்டு பேர் மெகாஸ்குவர்ட்னு ஒரு ஈசியூ, அதாவது எஞ்சினை ஓட்டுற கம்ப்யூட்டர், கொண்டு வந்தாங்க. பாகமா வாங்கி நீங்களே சால்டர் வச்சு ஒட்டிக்கலாம். அப்புறம் ஸ்பீடுயினோ வந்தது, ஆர்டுயினோ மெகா போர்டு மேல உட்கார்ற ஓப்பன் சோர்ஸ் ஆளு. காலேஜ் பிராஜெக்ட்டுக்கு வாங்குவீங்களே, அதே போர்டு. அது ஒரு வேனையே ஓட்டுது!

இதுல தகரக் கதவு கிடையாது. கல்யாண மண்டபத்தை நினைச்சுக்கோங்க. சாப்பிட்டவங்க எத்தனை பேர்னு தெரியணும். பழைய முறைல வாசல்ல ஒரு ஆளை நிறுத்தி எண்ணுவாங்க. அந்த ஆள் தூங்கிட்டா கணக்கு போச்சு. புது முறைல பந்திக்கு எத்தனை இலை, எத்தனை பந்தி ஓடுச்சு, ஒவ்வொரு பந்திலயும் எத்தனை இலை நிரம்புச்சுன்னு பார்ப்பாங்க, பெருக்கினா வந்துடும். இலைங்கிறது எஞ்சினோட சிசி. பந்திங்கிறது ஆர்பிஎம். இலை எவ்வளவு நிரம்புதுன்னு சொல்ல மேனிஃபோல்டுல, அதாவது எஞ்சினுக்குக் காத்து போற குழாய்ல, ஒரு பிரஷர் சென்சார், உள்ள வர்ற காத்துக்கு ஒரு வெப்பச் சென்சார், கூடவே எந்த ஆர்பிஎம்ல, எந்தப் பிரஷர்ல இலை எவ்வளவு நிரம்பும்னு எழுதி வைக்க 16-க்கு 16 கட்டம் போட்ட ஒரு அட்டவணை. மொத்தம் 256 கட்டம்.

அந்தக் கட்டத்தை நிரப்புறதுதான் டியூனிங். பெட்ரோல் கூடவா கம்மியான்னு புகையை வச்சுச் சொல்றது ஆக்ஸிஜன் சென்சார். பழைய சென்சார், சாம்பாரை ருசி பார்த்துட்டு உப்பு கூட, உப்பு கம்மின்னு மட்டும் சொல்ற மாமனார். வைட்பேண்ட்ங்கிற புது வகைச் சென்சார் எத்தனை ஸ்பூன் கூடன்னே சொல்ற மாமியார். மாமியார் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க. பக்கத்து சீட்ல ஒருத்தர் லேப்டாப்போட, நீங்க ஸ்டியரிங்ல. ஓட்டிக்கிட்டே கட்டத்தைத் திருத்துற வீர தீரமெல்லாம் வேண்டாம்.

ஸ்பார்க் பக்கம் சுருக்கமா. ஸ்பார்க்கைப் பங்கு போடுற பழைய டிஸ்ட்ரிபியூட்டர், கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) ஒரு சுத்து சுத்தினா ரெண்டே ரெண்டு சேதிதான் அனுப்பும். கிராங்க் புல்லில 36-ல ஒரு பல் குறைச்ச சக்கரம் மாட்டினா 35 சேதி வரும். அந்த ஒத்தைப் பல் இடைவெளியை வச்சுத்தான் கிராங்க் எங்க இருக்குன்னு ஈசியூ கண்டுபிடிக்கும். ஓட்டைப் பல்தான் அடையாளம்!

கலிஃபோர்னியா புகைச் சோதனை, ஜெர்மனியோட ட்யூஃப்ங்கிற வண்டித் தகுதிச் சோதனை மாதிரி இருக்கிற ஊர்ல மூளை மாத்த அனுமதி கிடைக்குமான்னு முதல்ல கேட்டுக்கோங்க.

இதை மட்டும் நான் சிரிச்சுக்கிட்டே சொல்ல மாட்டேன். ஈசியூ வாங்குற காசுல முதல்ல பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்துங்க. இந்த வேன்ல எஞ்சின் எங்க இருக்கு தெரியுமா? பின்பக்க மெத்தைக்கு நேர் கீழ. முப்பத்தஞ்சு வருஷ ரப்பர் வெடிச்சு, சூடான எஞ்சின் மேல பெட்ரோல் சொட்டினா வண்டியே மிஞ்சாது. அப்புறம் எர்த் வயர். துருப்பிடிச்ச எர்த்தோட நீங்க நாசா கம்ப்யூட்டரே மாட்டினாலும் அதுவும் திக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டா, மூளை மாத்தணும்னு நினைக்கிற பாதிப் பேருக்கு இந்த ரெண்டு வேலையே போதும்.

சரி, அந்த அஞ்சு பைசா செலவில்லாத வைத்தியம். பேட்டரியைக் கழட்டுங்க. காத்து அளக்குற பெட்டியோட அந்தக் கறுப்பு மூடியைச் சுத்தி இருக்கிற பசையைக் கத்தியால மெதுவா அறுத்துத் திறங்க. கார்பன் மேல கை உரசின தடம் வளைவா, பளபளன்னு தெரியும். இப்ப அந்தக் கையோட நுனியை ஒரு மயிரிழை, ஒரு மில்லிமீட்டர் கூட வேண்டாம், பக்கவாட்டுல வளைச்சு விடுங்க. தேயாத கார்பன் மேல அது புதுசா நடக்க ஆரம்பிக்கும். ஸ்பிரிங் பல்சக்கரத்தை மட்டும் தொட்டுடாதீங்க. மூடியைத் திரும்ப சிலிக்கோன் பசை வச்சு ஒட்டுங்க.

செஞ்சு பார்த்தவங்க வண்டி திக்கறது நின்னுச்சான்னு கமென்ட்ல சொல்லுங்க. நின்னுடுச்சுன்னா ஈசியூ காசுல எங்க டூர் போனீங்கன்னும் சொல்லுங்க.