கைப்பழக்கமும் நாப்பழக்கமும்

(தோக்கியோவின் நிஷி காசாயில் நடந்த பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். விழாத் தலைவர் ஐயா அவர்களுக்கும், விடுமுறை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் தூதரக அதிகாரி அவர்களுக்கும், வட்ட அலுவலகத்தில் வெளிநாட்டுக் குடும்பங்களுக்காகப் பல வருடமாக அலைந்து உழைக்கும் அம்மையார் அவர்களுக்கும் என் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. பணியில் இருந்தவரை தினமும் காலையில் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொன்னவர், நம் பிள்ளைகளின் நீளமான பெயர்களைக்கூட சுருக்காமல் முழுசாகக் கூப்பிட்டவர். அவர் இன்று நம்மோடு உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது நமக்குப் பெருமை. காலை ஐந்து மணியிலிருந்து சமையலறையில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் நன்றி, அவர்கள் இல்லாமல் இந்த விழா இல்லை.

இரண்டு விஷயம் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். குளிர்கால விடுமுறை, அப்புறம் பள்ளி வழக்கங்கள். இரண்டையும் யோசிக்கும்போது என் மனதில் ஓடியது ஒளவை சொன்ன ஒரே வரிதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

இங்கே கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை கிடையாது என்பது புதிதாக வந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தோக்கியோவில் பல பள்ளிகளுக்கு டிசம்பர் 25 தான் இரண்டாம் பருவத்தின் கடைசி நாள். அதற்குள் வகுப்பறையை மூலை முடுக்கெல்லாம் பிள்ளைகளே துடைத்துவிடுவார்கள், நம் வீட்டில் போகிக்கு முன் நடக்கிற வேலைதான். பிறகு உள்ளே போடும் காலணி, உடற்பயிற்சி உடை, எழுத்துத் தூரிகைப் பெட்டி, நில நடுக்கம் வந்தால் தலையில் போட்டுக்கொள்ளும் பஞ்சுத் தொப்பி எல்லாம் முதுகிலும் இரண்டு கையிலும் தொங்க வீட்டுக்கு வந்து சேரும். சுமார் ஜனவரி 7 வரை விடுமுறை. குளிர் அதிகமான ஹொக்கைடோவில் ஏறக்குறைய 25 நாள் விடுகிறார்கள், அதற்கு ஈடாகக் கோடை விடுமுறை அங்கே குறைவு.

டிசம்பர் 31 இரவு சொபா நூடுல்ஸ், கோயில்களில் 108 முறை அடிக்கும் மணி, புத்தாண்டுக் காலையில் குவியலாக வந்து விழும் வாழ்த்து அட்டைகள், பிள்ளைகளுக்குச் சின்ன உறையில் புத்தாண்டுப் பணம். இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நீட்ட வேண்டாம். நான் சொல்ல வந்தது விடுமுறையில் கொடுக்கும் வீட்டுப்பாடத்தைப் பற்றி.

முதலாவது கக்கிஸோமே, வருடத்தின் முதல் எழுத்து. முறைப்படி ஜனவரி 2 அன்று எழுத வேண்டும். முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் பென்சிலில் எழுதுவார்கள், மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகையும் மையும். நான்காவது படிக்கும் என் மகளுக்கு 'அழகிய வானம்' என்று பொருள்படும் நான்கு எழுத்து வந்தது. தாள் அவள் கையைவிட நீளம், மேசையில் வைத்து எழுத முடியாது. சோபாவை ஒதுக்கி, தரையில் செய்தித்தாள் பரப்பி, மேலே கம்பளித் துணி விரித்து, முழங்கால் மண்டியிட்டு எழுதினாள். வாடகை வீட்டுத் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் வைப்புத்தொகையில் பிடிப்பார்கள் என்று என் மனைவி ஈரத் துணியோடு பக்கத்திலேயே நின்றாள். கடைசி எழுத்தின் கடைசிக் கோடு வரை நன்றாக வந்து, பெயர் எழுதும் இடத்தில் மை ஊறிப் படர்ந்ததும் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த தாளை விரித்தாள். சித்திரமும் கைப்பழக்கம் என்பது அதுதான். மூன்றாம் பருவம் தொடங்கியதும் எல்லோருடைய எழுத்தும் பள்ளித் தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கும், போய்ப் பாருங்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். ஹ்யாகுனின் இஷ்ஷு என்று நூறு கவிஞர்களின் நூறு பாட்டு, ஆளுக்கு ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தேய்க்கா என்ற கவிஞர் தொகுத்தது. அதை வைத்து ஆடும் சீட்டு விளையாட்டு 'கருத்தா'. ஒருவர் பாட்டை முதலிலிருந்து படிப்பார், பின்பாதி மட்டும் எழுதிய சீட்டுகள் தரையில் கிடக்கும், யார் முதலில் கண்டுபிடித்துத் தட்டுகிறாரோ சீட்டு அவருக்கு. தொடக்கப்பள்ளிகளுக்காக நூறு பாட்டையும் ஐந்து நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு இருபதாக வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் பள்ளியில் போட்டி என்பதால் விடுமுறையில் மனப்பாடம். 'மு' என்று தொடங்கும் பாட்டு ஒன்றே ஒன்றுதான், அதனால் அந்த ஒலி காதில் விழுந்ததுமே கை பாயும். 'அசபொராகே' என்று தொடங்குவன இரண்டு, ஆறாவது ஒலி வரும்வரை கையை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஷிகா மாகாணத்தில் ஓட்சு நகரத்து ஓமி கோயிலில் ஒவ்வொரு ஜனவரியும் இதற்குத் தேசியப் பட்டப் போட்டியே நடக்கிறது. முதல் பாட்டைப் பாடிய தென்ஜி மன்னருக்கான கோயில் அது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். நான் தட்டுத் தடுமாறிப் படிக்க, மகளும் மகனும் தரையைப் பட் பட் என்று அறைந்து கொண்டிருந்தார்கள். வாசல் மணி அடித்தது. மாடி வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்து மணி எதற்கு என்று. கீழ்வீட்டுப் பெரியவர். நான் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சத்தத்தைச் சொன்னார், சரி, அது நியாயம். சொல்லிவிட்டுப் போகாமல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யார் படித்தது?" என்றார். நான்தான் என்றேன். "நாளை மத்தியானம் பிள்ளைகளைக் கீழே அனுப்புங்கள், நான் படிக்கிறேன்" என்றார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மனைவியை இழந்து தனியாக இருப்பவர், வீட்டில் ஒரு சின்ன மேசை, ஒரு ஹீட்டர், ஒரு தட்டு ஆரஞ்சு. அட்டையைக் கையில் எடுக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ராகம் இழுத்துப் படித்தார். என் குரலுக்கு இருபதில் பாதியைக்கூட எடுக்காத மகன், அவர் குரலுக்கு ஒன்று விடாமல் பாய்ந்தான். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளிடம், "உங்கள் ஊரில் பிள்ளைகள் எந்தப் பாட்டை மனப்பாடம் செய்வார்கள்?" என்று கேட்டார். திருநெல்வேலி ஆச்சி வீடியோ காலில் சொல்லிக் கொடுத்தது மகளுக்கு நினைவுக்கு வந்து, 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' குறளை முழுசாகச் சொன்னாள். அவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, விரலால் மேசையில் தட்டித் தட்டி எண்ணினார். ஏழு. "எங்கே வெட்டலாம்?" என்றார். நாலு சீரில் முதல் வரி முடிகிறது, மூன்று சீர் அடுத்த வரி என்று நான் சொன்னேன். உடனே எழுந்து போய், முந்தின நாள் வரை சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரின் அட்டையை எடுத்து வந்து கத்தரிக்கோலால் சீட்டு சீட்டாக வெட்டினார். "ஓஜீசான் (தாத்தா), இது எங்கள் பாட்டு" என்று மகள் ஒரு சீட்டில் 'கற்றனைத் தூறும் அறிவு' என்று எழுதிக் கொடுத்ததை இன்னும் வைத்திருக்கிறார்.

பெரியோர்களே, நான் கேட்பது இதைத்தான். நம் பிள்ளைகள் எண்ணூறு வருடத்துத் தொகுப்பிலிருந்து நூறு ஜப்பானியப் பாட்டை நாக்கில் வைத்திருக்கிறார்கள். அதை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளி கட்டாயமில்லை, ஆனால் விண்ணப்பித்தால் அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பாடநூலும் இலவசம். அந்தப் பள்ளி கொடுத்த வரம் இது. அதே நாக்கில் 1330 குறளில் ஒரு நூறு ஏன் இருக்கக் கூடாது? செந்தமிழும் நாப்பழக்கம்தானே! சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உரையைப் படிக்கச் சொன்னால் ஜன்னலைப் பார்க்கும் பிள்ளை, சீட்டைத் தரையில் பரப்பினால் தானாக முன்னால் வந்து உட்காருகிறது, வகுப்பில் ஆடிப் பார்த்துவிட்டோம். குறள் இதற்கென்றே செய்ததுபோல் அமைகிறது. 'யா' என்றதும் 'யாகாவா ராயினும்' சீட்டுக்குப் பாயலாம், எங்கள் முதல் இருபதில் வேறு 'யா' இல்லை. 'அன்பிற்கும் உண்டோ', 'அன்பிலார் எல்லாம்' இரண்டையும் ஒரே கட்டில் வைத்தால் நாலாவது எழுத்துவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்புதான் ருசி.

சங்கத் தலைவர் ஐயா, வரும் டிசம்பர் விடுமுறைக்கு முன் ஐந்து நிறத்தில் நூறு குறளும் அச்சாகி, தமிழ்ப் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டு போக வேண்டும். செயற்குழுவில் இதை முதல் பொருளாக வையுங்கள். வட்ட அலுவலக அம்மையார் அவர்களே, ஜனவரி முதல் வாரத்தில் சமூகக் கூடத்தில் ஒரு மத்தியானம் இடம் கிடைத்தால் போதும், ஜப்பானியப் பிள்ளைகளையும் அழைப்போம், ஒரு சுற்று அவர்கள் பாட்டு, ஒரு சுற்று நம் பாட்டு. தலைமை ஆசிரியர் ஐயா அன்று வந்து படிக்கச் சம்மதித்திருக்கிறார்.

முதல் நிறத்துக்கான இருபது குறள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பார்த்து, எது சிறுபிள்ளைக்குக் கடினம் என்று பென்சிலால் குறித்து வையுங்கள். அட்டை வெட்டவும், நல்ல குரலில் படித்துப் பதிவு செய்யவும் ஆள் வேண்டும், குறிப்பாகத் தாத்தா பாட்டிகள். சாப்பாடு தயாராகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். கை கழுவப் போகும் வழியில்தான் அந்த மேசை, பெயர் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.