மேலே இருப்பவரின் நாளை யார் எழுதுகிறார்கள்?

எல்லோருக்கும் வணக்கம்.

விண்வெளி நிலையம் என்றாலே நாம் ராக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். நான் இன்று பேச வந்தது கால அட்டவணையைப் பற்றி. மாதக்கணக்கில் மேலே தங்குகிறவர் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்போது எந்தக் கருவியைத் தொட வேண்டும் என்பதையெல்லாம் தரையில் இருப்பவர்கள்தான் எழுதுகிறார்கள். எழுதுகிறவர் மனிதரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் ஒரு பாடம்.

1973 நவம்பர் 16 அன்று ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் மூவரும் அந்த நிலையத்துக்குக் கிளம்பினார்கள். மூவருக்குமே அது முதல் விண்பயணம். அவர்களுக்கு முன் 59 நாள் தங்கிய குழுவோ, கொடுத்ததை முடித்துவிட்டு மேலும் வேலை கேட்ட குழு. அவர்கள் பழகிப் பழகி எட்டிய வேகத்தை, இந்தப் புதியவர்கள் தலையில் தொடக்கத்திலேயே ஏற்றிவிட்டார்கள்.

வில்லியம் போக் முதல் நாளே வாந்தி எடுத்தார். அதைத் தரைக்குச் சொல்ல வேண்டாம் என்று மூவரும் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் விழுந்து கீழே போய்விட்டது. விண்வெளி வீரர்கள் பிரிவின் தலைவராகத் தரையில் இருந்த ஆலன் ஷெப்பர்ட் வானொலியிலேயே கண்டித்தார். அப்புறம் வாரக்கணக்கில் ஓட்டம்தான். ஒரு கருவியை எடுத்து வைக்கும் நேரம்கூட அட்டவணையில் இல்லை. ஒரு வேலை தாமதமானால் அடுத்தடுத்து எல்லாம் சரிந்தன.

டிசம்பர் 30 அன்று தரையில் இருப்பவர்களோடு மனம்விட்டுப் பேசினார்கள். அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததாக இன்றும் ஒரு கதை உலவுகிறது, அது உண்மையல்ல. நடந்தது பேச்சுவார்த்தை. சாப்பாட்டு நேரத்தையும் மாலை ஓய்வையும் யாரும் தொடக்கூடாது, அன்றாடச் சில்லறை வேலைகளை அவர்கள் வசதிப்படி செய்துகொள்ளட்டும் என்று முடிவானது. அதன் பிறகு வேலை விறுவிறுவென நடந்தது. மொத்தம் 84 நாள் தங்கிவிட்டு 1974 பிப்ரவரி 8 அன்று இறங்கினார்கள்.

இன்றைய சர்வதேச நிலையத்தில் எட்டரை மணி நேரத் தூக்கம் அட்டவணையிலேயே இருக்கிறது. எலும்பும் தசையும் கரையாமலிருக்கத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. சரி, நாளைத் திட்டமிடக் கற்றுக்கொண்டோம். மாதங்களை?

அமெரிக்க விண்வெளி வீரர் பிராங்க் ரூபியோ 2022 செப்டம்பரில் அங்கே போனது ஆறு மாதத்துக்கு. டிசம்பரில் அவர் திரும்ப வேண்டிய ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் குளிர்விப்பு நீர்மம் கசிந்து வெளியேறியது. மாற்றுக் கலம் வரும்வரை அவசரத்துக்கு என்று, அவர் உடலுக்கு வார்த்த இருக்கை உறையைக் கழற்றி, நிலையத்தில் இணைந்திருந்த அமெரிக்காவின் டிராகன் கலத்தில் பொருத்தினார்கள். அந்த ஏற்பாட்டை நான் மனதார மெச்சுகிறேன். ஆனால் ஆறு மாதம் 371 நாளானது. ஓராண்டு என்று முன்பே கேட்டிருந்தால், குடும்பத்தை நினைத்து மறுத்திருப்பேன் என்று அவரே திரும்புவதற்கு முன் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை பெரிது. நீடிப்பு நேரலாம் என்பதைக் கிளம்பும் முன்பே அவரோடும் வீட்டாரோடும் பேசி முடிப்பதும் திட்டத்தில் சேர்த்திதான்.

2035-க்குள் நமக்கென ஒரு நிலையம் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. இங்கே பொறியியல் மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். எஞ்சினுக்கு ஆள் கிடைத்துவிடும். அந்த அட்டவணையை எழுத மருத்துவமும் உளவியலும் தெரிந்தவர்கள் வேண்டும். உங்களில் சிலர் அந்தப் பக்கம் வாருங்கள்.