கடைசிக் கண்ணி

அனைவருக்கும் வணக்கம். கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா போடத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றதும் பாதிப் பேர் தூக்கினீர்கள். "ஸ்கூல்ல போட்டேன், அப்புறம் விட்டுட்டேன்" என்று முன்வரிசையில் ஒரு அக்கா சொன்னார். அந்த விட்டுப்போனதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நேரமில்லாமல் விட்டோம் என்போம். அது பாதிதான் உண்மை. வீட்டில் காட்டினால் நிமிராமலே "நல்லாருக்கு" என்பார்கள். இல்லையென்றால், "இதைக் கடையில நூறு ரூபாய்க்கு வாங்கிடலாமே!" இந்த நூறு ரூபாய்க் கணக்கு எத்தனை ஊசிகளைப் பரணில் ஏற்றியிருக்கிறதோ!

புதிதாகக் கற்கிறவர் ஒருவர் சதுரமாகத்தான் தொடங்குகிறார். கண்ணி என்பது ஊசியால் போடும் ஒவ்வொரு முடிச்சு வளையம்; அவை சேர்ந்ததுதான் வரிசை. பத்து வரிசை போனதும் பார்த்தால் மேலே குறுகிக் கூம்பாக நிற்கிறது. வீட்டில் யாரைக் கேட்பது? போட்டோ எடுத்து, இணையத்தில் பின்னல்காரர்கள் கூடும் குழுவில் போடுகிறார். முன்பின் பார்த்திராத யாரோ ஒருவர் பதில் சொல்கிறார்: "ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுடுறீங்க. முதல் கண்ணியில ஒரு ஊக்கைக் குத்தி வையுங்க. திரும்பி வரும்போது அதுவரைக்கும் போடணும்." இவ்வளவுதான். அந்தப் பதிலில் பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. ஆனால் வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்திருக்கிறார் பாருங்கள், அதற்கு எந்த 'சூப்பர்' ஈடாகும்? ஊக்கம் என்று நான் சொல்வது இதைத்தான். ஊக்கு என்றாலும் சரிதான்!

சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் சாதனை செய்தார்கள். 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர்! எனக்குச் சாதனைப் பட்டியல்களில் பெரிய மோகம் கிடையாது. நகம் வளர்த்தால்கூட அதில் இடம் உண்டு. இங்கே என்னை அசத்தியது வேறு. ஒரே நூல், ஒரே ஊசி கொடுத்தாலும் இருவர் பின்னினால் ஒரே அளவு வராது. ஒருவர் கை இறுக்கும், இன்னொருவர் கை தளர்த்தும். அப்படி ஊர் ஊராக இருந்த கைகள் தனித்தனியே போட்டதை ஓரத்தோடு ஓரம் இணைத்திருக்கிறார்கள். சமையலை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து போட்டவருக்கு, தன் துண்டுக்காக ஒருத்தி சென்னையில் காத்திருக்கிறாள் என்று தெரியும். அந்த நினைப்பு இருந்தால் ஊசி பரணுக்குப் போகுமா?

எல்லாம் இனிப்பு என்று சொல்லவில்லை. நாள்தோறும் குறையே இல்லாத வேலைப்பாடுகளைப் பார்த்து, தன்னுடையதைக் காட்டக் கூசி ஒதுங்குகிறவர்கள் உண்டு. பழகியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரித்துப் போட்டதையும் காட்டுங்கள். ஸ்வெட்டரில் ஒரு கை நீளமாக வந்ததா? அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

சரி, பேச்சு போதும். பின்னால் மேசையில் உல்லன் நூலும் 4 மி.மீ. ஊசிகளும் இருக்கின்றன. விட்டுப்போனவர்கள் முதலில் வாருங்கள். தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஊக்கு நான் கொண்டுவந்திருக்கிறேன்.