எண்ணின் வாலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டனில் கணினி வகுப்பு நடத்துகிறவன் நான். 2024 ஜூலையில் ஒரு நாள், வெளியே மழை விடாமல் கொட்டுகிறது, கடைசி மேசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். "சேர், நம்ம டெபியன்ல ஓபன்எஸ்எஸ்எச் 9.2 தான் இருக்கு. 9.8 வந்திருச்சு. பழசுல ஓட்டையாம்."

டெபியன் என்பது கணினியை இயக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்று. ஓபன்எஸ்எஸ்எச், தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள். ஓட்டை என்றால் திருடன் புகக்கூடிய பிழை. பாதி சரி என்றேன்.

எது பழசு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டெபியன் 12 வெளியானபோது அதில் 64,419 மென்பொருள் பொதிகள். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க யாரால் ஆகும்? அதனால் பெரும்பாலான பொதிகளின் மூல நிரலோடு 'வாட்ச்' என்றொரு சின்னக் கோப்பு வரும். எந்த இணையப் பக்கத்துக்குப் போவது, அங்கே கோப்பின் பெயர் எப்படி இருக்கும், அவ்வளவுதான் அதில். 'யூஸ்கேன்' என்ற நிரல் அந்தப் பக்கத்துக்குப் போய், இருப்பதிலேயே பெரிய எண்ணைப் பொறுக்கி, நம்மிடம் உள்ளதோடு ஒப்பிடும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் இந்தக் காவலுக்கு 'அனித்யா' என்று பெயர். அநித்தியம்! தெரிந்துதான் வைத்திருப்பார்கள் போல. ஆர்ச் லினக்ஸில் பயன்படுத்துகிறவரே 'பழசு' என்று கொடி போடலாம்.

சிக்கல் ஒப்பிடுவதில்தான். 1.9 பெரிதா, 1.10 பெரிதா? கணக்கு வாத்தியார் 1.9 என்பார். இங்கே புள்ளிக்குப் புள்ளி தனி எண், ஆகவே 1.10 தான் புதுசு. '1.0ஆர்சி1' என்பது 1.0-க்கு முந்தைய ஒத்திகை. ஆனால் பின்னால் ஒட்டிய எழுத்தைப் பார்த்து நிரல் அதைப் பெரிது என்று எடுத்துவிடும். அதனால் டெபியனில் நடுவே ஓர் அலைக்குறி (~) போட்டு அதைக் கீழே தள்ளுகிறார்கள். அப்புறம், அந்த இணையப் பக்கத்தின் அமைப்பு மாறினால் போச்சு, வாட்ச் கோப்புக்குக் கண் தெரியாது.

புதுசே நல்லது என்றும் இல்லை. அதே வருடம் மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் யாரோ திருட்டுக் கதவு வைத்திருந்தது தெரியவந்தது. டெபியன் 12-இல் இருந்த 5.4.1 தப்பியது. புதுசுக்குப் போயிருந்த, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெபியனின் சோதனைக் கிளையைத்தான் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கிற நிரலான பொதி மேலாளர் சின்ன எண்ணுக்குத் தானாக இறங்காதே! '5.6.1+ரியலி5.4.5' என்று பெயர் வைத்து அதை ஏமாற்றினார்கள். மேலே ஒரு எண், உள்ளே வேறு சரக்கு. எண்ணை மட்டும் பார்க்கிற நிரல் இதை என்னவென்று சொல்லும்?

சரி, பையனின் 9.2-க்கு வருவோம். அந்த எண்ணுக்கு ஒரு வால் உண்டு: 'டெப்12யூ3'. 9.8-இல் அடைத்த ஓட்டையை 9.2-இலேயே அடைத்துத் தந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவன் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர். "கவாத்து வெட்டின மலையில செடி பழசு, கொழுந்து புதுசு இல்லையா?" என்றேன். சட்டென்று புரிந்துகொண்டான்.

புரிந்ததோடு விடவில்லை, வகுப்பு மெஷினில் வாலைத் தேடினான். 'யூ2' என்று இருந்தது. அப்டேட் போட மறந்தவன் நான்தான்.